சேணத்தின் மேல் வெயில்

எங்கள் தலைமையாசிரியர் துர்கன்பாய் நல்ல மனிதர்தான். மேலதிகாரி வருகிறார் என்று காதில் விழுந்தால் மட்டும் அவருக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து கெரிம்குல் ஐயா என் நாலாம் வகுப்பைப் பார்க்க வருகிறார் என்று தெரிந்த அன்றைக்கே பிள்ளைகளை வரிசையாக நிறுத்திவைத்துப் பாடம் நடத்தினார். கை தூக்கும் பாடம்.

"கேள்வி கேட்டதும் எல்லாரும் கை தூக்கணும். ஒருத்தன்கூட சும்மா உக்காந்திருக்கக் கூடாது. பதில் தெரிஞ்சவன் வலது கை. தெரியாதவன் இடது கை. டீச்சர் வலது கையா பார்த்து எழுப்புவாங்க. புரிஞ்சுதா?"

பிள்ளைகள் உற்சாகமாகத் தலையாட்டினார்கள். இந்தப் பக்கத்தில் எந்தப் பள்ளியில் பெரியவர்கள் பார்க்க வந்தாலும் இந்தக் கூத்து உண்டு. நான் படித்த காலத்திலும் உண்டு. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"எதுக்குண்ணே இந்த ஏமாத்து வேலை?" என்றேன்.

"ஜெய்னெப், நீ பேசாம இருந்தாலே போதும்மா. போன வருஷம் உன்னால நான் வாங்கின திட்டு இன்னும் காதுல கேக்குது."

போன வருஷம் நாங்கள் பழைய வணிகப் பாதையின் சத்திரம் ஒன்றை வகுப்புக்குள்ளேயே சின்னதாகக் கட்டிக்கொண்டிருந்தோம். களிமண் குழைத்து, வைக்கோல் கலந்து, செங்கல் அறுத்து, எது மழைக்கு நிற்கிறது, எது கரைகிறது என்று பார்க்கிற பாடம். கெரிம்குல் ஐயா கதவைத் திறந்து வைத்த முதல் அடியே ஈரக் களிமண்ணில். புதுச் செருப்பு வேறு. 'இந்த வகுப்பில் பாடம் நடக்கவில்லை, கொத்தனார் வேலை நடக்கிறது' என்று எழுதிவிட்டுப் போனார். இந்த முறையும் அப்படி எழுதினால் வகுப்பை என்னிடமிருந்து பிடுங்கி ரோசாவிடம் கொடுப்பதாகவும், நான் நூலகச் சாவியை வாங்கிக்கொள்ள வேண்டியது என்றும் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. ரோசா துர்கன்பாயின் கொழுந்தியாள். புத்தகத்தில் காற்புள்ளி இருக்கிற இடத்தில்கூட பிள்ளைகள் மூச்சுவிட்டு ஒப்பிக்க வேண்டும் அவளுக்கு.

வகுப்பு போனால் எனக்கு என்ன, நூலகத்தில் அடுப்புப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன். பெரிசாத் என்ன ஆவாள்? அவள் ஆட்டுமந்தைக்காரர் இசக்பெக்கின் மகள். கோடை முழுக்க மலையில் மேய்ச்சல். பள்ளி திறந்து ஒரு மாதம் போன பிறகுதான் அந்தக் குடும்பம் ஊருக்கு இறங்கும். அதனால் அவளுக்கு வாசிப்பு திக்கும். "அந்தப் பொண்ணை மூணாம் வகுப்புலயே போட்டுடலாம்" என்று ரோசா ஆசிரியர் அறையில் சொல்லியே விட்டாள். வகுப்பு தன் கைக்கு வந்துவிட்டது என்கிற தைரியம். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும். அன்றைக்கு அது தலைக்கு ஏறி இன்னும் இறங்கவில்லை.

அந்தப் பெரிசாத்தான் இந்தப் பாடத்தையே ஆரம்பித்து வைத்தாள். இந்த வருஷம் அவள் வந்த முதல் நாள், சுவர்க்கடிகாரத்தைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு, "டீச்சரக்கா, மலையில இது இல்லாமலேதான் இருந்தோம். வெயில் எங்கம்மா பானைகிட்ட வந்தா சாப்பாட்டு நேரம்" என்றாள். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. புத்தகத்தில் 'முன்னோர் வாழ்க்கை' என்று ஒரு பக்கம். அதில் கம்பளிக் கூடாரத்தின் படம், பாகங்களின் பெயர்கள், அவ்வளவுதான். படத்தை மனப்பாடம் செய்வதைவிட கூடாரத்தையே கொண்டுவந்துவிடலாமே என்று அன்றைக்கே இசக்பெக்கின் வீட்டுக்குப் போய் நின்றேன்.

"எடுத்துக்கங்க டீச்சர். சின்னதுதான். கிழிச்சிடாம இருந்தா சரி" என்றார்.

பள்ளி முற்றத்தில் கூடாரம் எழும்பியது. எங்கள் வழக்கப்படி வாசல் கிழக்கே பார்த்து. பின்னல் தட்டியைப் பிள்ளைகளே விரித்தார்கள், கூரைக் கழிகளைப் பிள்ளைகளே செருகினார்கள். உச்சியில் துந்துக், எங்கள் நாட்டுக் கொடியில் இருக்கிற அதே வளையம். புகை போகவும் வெளிச்சம் வரவும் உள்ள ஒரே வழி அதுதான். வெளிச்சம் அதன் வழியாக விழுந்து, உள்ளே ஒரு தட்டு அளவுக்கு மஞ்சளாகக் கிடக்கும்.

விதி ஒன்றே ஒன்று. பள்ளியில் மணி அடிக்கும்போதெல்லாம் ஒரு பிள்ளை ஓடிப்போய், வெளிச்சம் விழுந்திருக்கிற இடத்தில் ஒரு துணிக் கீற்றைக் கட்ட வேண்டும். ஆளுக்கு ஒரு துணி வீட்டிலிருந்து. எர்மெக் என்கிற வாயாடி கொண்டுவந்தது கோடு போட்ட கால்சட்டையின் ஒரு கீற்று. அவன் அப்பா அந்தக் கால்சட்டையை இன்றைக்கும் தேடிக்கொண்டிருக்கிறாராம். நடுவில் மேகம் வந்து இரண்டு மூன்று நாள் கெடுத்தது. விட்ட மணியை அடுத்த வெயில் நாளில் பிடித்தோம்.

கீற்றுகள் எல்லாம் கட்டி முடிந்ததும் பிள்ளைகள் நடுவில் மல்லாந்து படுத்துக்கொண்டு பார்த்தார்கள். காலையில் வெளிச்சம் வாசலுக்கு நேர் எதிரே, பெரியவர்கள் உட்காருகிற மேலிடத்துக்கு மேலே. மதியம், நுழைகிறவருக்கு வலது பக்கம், பெண்களின் சமையல் பக்கம். சாயங்காலம் வாசலை நோக்கி.

"சூரியன் இந்தப் பக்கம் போனா வெளிச்சம் அந்தப் பக்கம் போகுது. எங்கக்கா மாதிரி, சொன்னதுக்கு நேர்மாறா" என்றான் எர்மெக்.

"இடது பக்கம் ஒரு துணிகூட இல்லையே, ஏன்?" என்று கேட்டேன்.

"அந்தப் பக்கம் எப்பவும் நிழல்தான் டீச்சரக்கா" என்றாள் பெரிசாத். "அதனாலதான் எங்கப்பா சேணத்தை அங்க மாட்டுவாரு. வெயில் பட்டா தோல் வெடிச்சிடும்."

ஆண்களின் பக்கம் இடது பக்கம் என்று புத்தகமும் சொல்கிறது. ஏன் என்று புத்தகத்துக்குத் தெரியாது. ஏனென்று கேட்கிற வகுப்பு எனக்குக் கிடைத்துவிட்டது. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

கெரிம்குல் ஐயா வருகிற நாள். காலையில் என்னைப் பாலத்தடிக்கு அனுப்பிவிட்டார் துர்கன்பாய், வரவேற்க. வண்டியிலிருந்து கெரிம்குல் ஐயா இறங்கினார். தொப்பை, கையில் தடி, முட்டிவலி. கூடவே அலுவலகப் பெண் ஒருத்தி. அவர் முதலில் என் கைகளைப் பார்த்தார், களிமண் இருக்கிறதா என்று. பிறகு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார்.

பள்ளிக் கேட்டுக்குள் நுழைந்தோம். கூடாரத்தின் வாசல் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றது.

எங்கள் கேட் மேற்கே. கூடார வாசல் கிழக்கே இருக்க வேண்டும். கேட்டிலிருந்து பார்த்தால் அதன் முதுகுதான் தெரிய வேண்டும்.

வாசலில் இசக்பெக் புதுத் தொப்பி போட்டுக்கொண்டு நின்றார். முகமெல்லாம் பெருமை.

"பார்த்தீங்களா டீச்சர்? விருந்தாளிக்கு முதுகைக் காட்டற வீடு எங்க பரம்பரையிலயே கிடையாது. விடிஞ்சதும் பிள்ளைங்களோட அப்பாங்க பத்திருபது பேர் சேர்ந்தோம், உள்ள நின்னு தட்டியைப் பிடிச்சுத் தூக்கி, அப்படியே திருப்பி வச்சிட்டோம். ஒரு கழிகூட கழண்டுக்கலை."

வெண்ணெய் திரண்டு வருகிற நேரத்தில் தாழி உடைந்த கதை. மரியாதை செய்கிறேன் என்று என் வகுப்பின் இத்தனை நாள் உழைப்பையும் தலைகீழாக்கி வைத்திருந்தார் அந்த மனிதர். எந்த முகத்தோடு அவரைத் திட்டுவது? விருந்தாளிக்காகச் செய்தது. எங்கள் ஊரில் அதற்கு மேல் நியாயம் கிடையாது.

உள்ளே தரைவிரிப்பில் நீளமாக விருந்துத் துணி; எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டான போர்சோக் குன்றாகக் குவிந்திருந்தது; பாலாடை, ஆப்பிள், தேன். கெரிம்குல் ஐயாவை வாசலுக்கு நேர் எதிரே மேலிடத்தில் மெத்தை மேல் மெத்தை போட்டு உட்கார வைத்தார்கள். பிள்ளைகள் வாசலோரம், செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில். துர்கன்பாய் அவர்களைக் கேட்டிலிருந்து நேராகக் கூட்டிவந்து உட்கார வைத்திருந்தார். போர்சோக்கைப் பார்த்த கண்ணுக்கு வாசல் எந்தப் பக்கம் இருந்தால் என்ன.

அவர் என் காதோரம் குனிந்தார். அவருக்கும் உறைத்துவிட்டது போல. "துணிக்கட்டுப் பக்கமே போகாத ஜெய்னெப். வெயில் எங்கயோ விழுது, துணி எங்கயோ தொங்குது. புத்தகத்தைத் திற. கூடாரத்தோட பாகம் என்னென்னன்னு கேள். பிள்ளைங்க ஒப்பிக்கும். ஐயா சாப்பிட்டுக் கிளம்பிடுவாரு."

செய்திருக்கலாம். அரை மணியில் முடிந்திருக்கும். எர்மெக் கடகடவென்று ஒப்பித்திருப்பான். ஒப்பிக்க முடியாத ஒரே பிள்ளை பெரிசாத். அவளும் எழுந்து நின்று, திக்கி, உட்கார்ந்திருப்பாள். கெரிம்குல் ஐயாவின் பக்கத்தில் இருந்த அலுவலகப் பெண் அவள் பெயரைக் குறித்துக்கொண்டிருப்பாள். நினைத்துப் பார்க்கும்போதே எனக்குப் பற்றி எரிந்தது. போனால் மொத்தமாகப் போகட்டும், என் பாடத்தை நடத்திவிட்டுப் போகட்டும் என்று முடிவு செய்தேன்.

"பிள்ளைங்களா, இப்ப மணி என்ன? கடிகாரத்தைப் பார்க்காம சொல்லணும்."

பிள்ளைகள் தலை நிமிர்ந்தார்கள். வெளிச்சத்தைத் தேடினார்கள். கிடைத்தது. அது இடது பக்கம் இசக்பெக் மாட்டியிருந்த சேணத்தின் மேல் பளபளத்துக்கொண்டிருந்தது.

சேணத்தையும் துணிக் கீற்றுகளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு ஒரு கை எழுந்தது. இன்னொன்று. எல்லாக் கைகளும் எழுந்தன. அத்தனையும் இடது கை.

துர்கன்பாய்க்கு இருமல் வந்துவிட்டது. கெரிம்குல் ஐயா போர்சோக்கைக் கடித்தபடியே பார்த்தார்.

"நல்லாத்தான் பழக்கியிருக்கீங்க" என்றார். "நானும் வாத்தியாரா இருந்தவன்தான் டீச்சரம்மா. எங்க காலத்துலயும் இதே வித்தைதான். ஆனா எங்க வகுப்புல ஒண்ணு ரெண்டு வலது கையாவது தேறும்."

"வித்தை எங்க தலைமையாசிரியரோடதுங்க" என்றேன். "ஆனா பிள்ளைங்க பொய் சொல்லலை. அவங்களுக்குத் தெரியலை. எனக்கு அதுதான் வேணும். எழுந்திருங்க எல்லாரும். ஏன் தெரியலைன்னு கண்டுபிடிங்க."

"துணியை யாரோ மாத்திக் கட்டிட்டாங்க டீச்சரக்கா" என்றான் எர்மெக் உடனே.

"யாரோன்னு சொல்லாத. போய்ப் பாரு."

ஓடினான். அவனுடைய கோடு போட்ட கீற்று, கருகிய தழும்பு உள்ள கழிக்கு அடியில் அதே முடிச்சோடு இருந்தது. "என் முடிச்சுதான். இது மாதிரி கேவலமா வேற யாராலயும் போட முடியாது" என்று அவனே ஒப்புக்கொண்டான்.

"அப்ப துணி மாறலை. வேற என்ன மாறும்?"

"சூரியன்" என்றாள் ஒரு சிறுமி. சொன்ன பிறகு தானே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சிரிக்காதீங்க. அதையும் பார்த்துட்டு வாங்க."

கூட்டமாக வெளியே ஓடினார்கள். மூன்றாவது மணி முடிந்து நாலாவது மணிக்கு முன்னால் சூரியன் பள்ளிக்கூடப் புகைபோக்கிக்கு மேலே நிற்கும். இத்தனை நாளில் அது அவர்களுக்கு அத்துப்படி. புகைபோக்கிக்கு மேலேதான் நின்றது. எல்லாரும் உள்ளே திரும்பிவர, பெரிசாத் மட்டும் வாசலிலேயே நின்றுவிட்டாள். கேட்டைப் பார்த்தாள். திரும்பி உள்ளே சேணத்தைப் பார்த்தாள். பிறகு தன் அப்பாவைப் பார்த்தாள்.

"வாசல்ல நின்னா எனக்கு மலை தெரியணும்" என்றாள் மெதுவாக. "கேட் தெரியுது. டீச்சரக்கா, சூரியனும் மாறலை, துணியும் மாறலை. வீடு மாறியிருக்கு. அப்பா, நீங்களா?"

இசக்பெக்குக்கு அப்போதுதான் விளங்கியது. புதுத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "விருந்தாளி வராங்களேன்னு..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டார்.

"அப்ப இப்ப கூடாரத்துக் கணக்குல மணி என்னடா?" என்று எர்மெக்கைக் கேட்டேன்.

அவன் கீற்றுகளை எண்ணிக்கொண்டு ஒரு சுற்று வந்தான். "வெயிலே வராத பக்கம் வெயில் வந்திருக்கு. நடுராத்திரி டீச்சரக்கா. ஐயா நடுராத்திரியில உக்காந்து பாலாடை சாப்பிடறாரு."

துர்கன்பாய் கண்ணை மூடிக்கொண்டார். கெரிம்குல் ஐயா மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். நான் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. பார்த்தால் பயம் வரும்.

"சரி, தப்பு எங்கேன்னு தெரிஞ்சாச்சு. எப்படி சரி பண்றது?"

"எல்லாத் துணியையும் அவுத்துத் திரும்பக் கட்டலாம்" என்றான் ஒருவன்.

"அப்ப மறுபடியும் அத்தனை நாள் ஆகும்" என்றாள் பெரிசாத். "வீட்டையே திருப்பிடலாம். காலையில அப்பாங்க செஞ்சாங்க இல்ல? நாங்க நிறைய பேர் இருக்கோம். பழைய வாசப்படி இருந்த இடத்துல புல்லு மஞ்சளா அமுங்கிக் கிடக்கு. அதுக்கு நேரா வச்சா போதும்."

"நாங்க உள்ள உக்காந்திருக்கோமே பாப்பா" என்றார் கெரிம்குல் ஐயா.

"நீங்க உக்காந்தே இருங்க தாத்தா. வீடு மட்டும்தான் நகரும்."

இசக்பெக் வெளியே போய்க் காற்றுக்கயிற்றை அவிழ்த்தார். சமையல் பக்கத்துப் பெண்கள் பானைகளைத் தட்டியிலிருந்து தள்ளி வைத்தார்கள். வெளியே நின்ற தகப்பன்மார்கள் உள்ளே வந்தார்கள்; இரண்டு தகப்பனுக்கு நடுவில் ஒரு பிள்ளை என்று வட்டமாக நின்று தட்டியைப் பிடித்தார்கள். அலுவலகப் பெண் குறிப்பேட்டை விருந்துத் துணி மேல் வைத்துவிட்டு, யாரும் கேட்காமலே எழுந்து வந்து எர்மெக்குக்குப் பக்கத்தில் பிடித்தாள். துர்கன்பாயும் வேறு வழியில்லாமல் பிடித்தார்.

"ஒண்ணா தூக்கணும். யாரும் கால்ல போட்டுக்காதீங்க. பிஸ்மில்லா" என்றார் இசக்பெக்.

வீடு எழும்பியது. கழிகள் கிறீச்சிட்டன. நாங்கள் எல்லாரும் நண்டு போலப் பக்கவாட்டில் அடி வைத்து நகர்ந்தோம். போர்சோக் குன்றும், தேன் கிண்ணமும், மெத்தை மேல் கெரிம்குல் ஐயாவும் நடுவில் அப்படியே இருக்க, அவர்களைச் சுற்றி வீடு போயிற்று. சேணம் வெயிலை விட்டு நகர்ந்தது. கதவு அவரைப் பார்த்து வந்தது. என் முன்னால் எர்மெக் பல்லைக் கடித்துக்கொண்டு தன்னைவிட உயரமான தட்டியோடு மல்லுக்கட்டினான். எனக்கு மனசுக்குள் ஒரு பெரிய சந்தோஷம். இவ்வளவு நல்ல பாடம் நான் நடத்தியதே இல்லை. போனாலும் இதோடு போகலாம்.

"இன்னும் கொஞ்சம். இன்னும். போதும்" என்று வெளியிலிருந்து பெரிசாத்தின் குரல். அவள்தான் மஞ்சள் புல்லுக்குப் பக்கத்தில் நின்று வாசப்படியைச் சரி பார்த்தாள். இறக்கினோம்.

வெளிச்சம் இப்போது சமையல் பக்கத்தை ஒட்டி விழுந்தது. கருகிய தழும்புள்ள கழியை நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. அந்தக் கழிக்குக் கீழேதான் எர்மெக்கின் கீற்று. நாலாவது மணிக்கான கீற்று. கெரிம்குல் ஐயாகூடக் கழுத்தைத் திருப்பி அதையே பார்த்தார். வெளிச்சம் கழியைத் தொட்டது. பள்ளி வராந்தாவில் மணி அடித்தது.

எர்மெக் 'பார்த்தீங்களா' என்பதுபோல எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தான்.

"இரு, இரு" என்றார் கெரிம்குல் ஐயா. தடியால் காட்டினார். "கழி சரி. ஆனா வெளிச்சம் துணி மேல விழலையே. ஒரு சாண் மேல விழுது. அப்ப உங்க அளவு தப்புதானே?"

அவர் சொன்னது உண்மை. ஒரு சாண் மேலேதான் விழுந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை.

"தப்பு இல்ல தாத்தா" என்றாள் பெரிசாத். அவள் வெளியிலிருந்து வந்து கீற்றுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். "இந்தத் துணி கட்டினது போன வாரம். அப்ப சூரியன் இன்னும் உசரத்துல இருந்துச்சு. மலையில, கோடையில, மத்தியான வெயில் தரையிலயே விழும், பானைகிட்ட. இப்ப தட்டிக்கு ஏறிடுச்சு. சூரியன் இறங்க இறங்க வெளிச்சம் ஏறும்." சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இல்லையா டீச்சரக்கா?"

ஒரு இடத்திலும் திக்கவில்லை அவள். நான் தலையை ஆட்டினேன்.

அந்த நேரம் பார்த்துச் சமையல்காரி பத்மாகான் கொதிக்கிற தேநீர்ச் சமோவாரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வெளியே விறகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததில் உள்ளே நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. தேநீர் ஊற்றுகிறவர் வாசலோரம் உட்காருவதுதானே வழக்கம். வாசலுக்குள் நுழைந்ததும் முதலில் தென்பட்ட மெத்தைக்குப் பக்கத்தில் சமோவாரை வைத்தாள், கிண்ணங்களை அடுக்கினாள், "ஊத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மெத்தையில் கெரிம்குல் ஐயா.

வீடு திரும்பியதில் அவர் வாசலோரத்துக்கு வந்துவிட்டிருந்தார். களைத்துப்போன பிள்ளைகளோ, முன்பு உட்கார்ந்திருந்த தங்கள் பழைய இடத்திலேயே போய் விழுந்திருந்தார்கள். இப்போது அதுதான் மேலிடம். பெரிசாத் நட்டநடுவில், மாவட்டத்துக்கே பெரியவள் போல.

துர்கன்பாய் பதறிப்போய் எழுந்தார். "ஐயா, மன்னிக்கணும், டேய் பிள்ளைங்களா எழுந்திருங்கடா, ஐயாவுக்கு இடம்..."

"உக்காருங்க" என்றார் கெரிம்குல் ஐயா. வாசலைப் பார்த்தார். மேலிடத்தைப் பார்த்தார். பக்கத்தில் சமோவாரைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு குழாயைத் திருகினார்.

முதல் கிண்ணம் மேலிடத்துக்குத்தான் போக வேண்டும். பெரிசாத்துக்குப் போயிற்று. பிறகு எர்மெக்குக்கு. கையோடு கையாகக் கிண்ணங்கள் நகர்ந்தன. எனக்கு ஊற்றும்போது நான் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் கிண்ணம் தளும்ப ஊற்றிக் கொடுத்தால் 'குடிச்சிட்டுக் கிளம்பு' என்று அர்த்தம். இருக்க வேண்டியவர்களுக்கு இரண்டு வாய்தான் ஊற்றுவார்கள்.

எனக்கு இரண்டு வாய் ஊற்றினார்.

நான் அதைக் குடிக்கக்கூட இல்லை, கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். பெரிசாத் மேலிடத்திலிருந்து கேட்டாள்: "தாத்தா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா? வருஷத்துலயே ரொம்பச் சின்னப் பகல் வருமே, பனிக்காலத்துல. அன்னைக்கு மத்தியானம் இந்த வெளிச்சம் எது வரைக்கும் ஏறும்?"

கெரிம்குல் ஐயா அண்ணாந்து பார்த்தார். தட்டி, அதற்கு மேலே கழிகள், அதற்கு மேலே துந்துக். பனிக்காலத்தில் எங்களில் யாரும் கூடாரத்தில் இருந்ததில்லை. எல்லாரும் செங்கல் வீட்டுக்குள் அடுப்பைக் கட்டிக்கொண்டு கிடப்போம். இசக்பெக்குக்குத் தெரியாது. எனக்குத் தெரியாது.

தடியைக் கீழே வைத்துவிட்டு அவர் இடது கையை உயர்த்தினார்.

எர்மெக் அவரைப் பார்த்துவிட்டுத் தன் இடது கையைத் தூக்கினான். பெரிசாத் தூக்கினாள். நானும் தூக்கினேன். அலுவலகப் பெண்ணும் தூக்கினாள்.

"துர்கன்பாய்" என்றார் கெரிம்குல் ஐயா, கையை இறக்காமலே. "அந்தச் சின்னப் பகல் அன்னைக்கு நான் வரேன். இந்தக் கூடாரம் இதே இடத்துல நிக்கணும். வாசல் கிழக்கேயே இருக்கட்டும், நான் சுத்திக்கிட்டு வரேன். இதே பிள்ளைங்க, ஒண்ணுகூட வேற வகுப்புக்குப் போகக் கூடாது. இதே டீச்சர். புரிஞ்சுதா?"

துர்கன்பாய் எழுந்து நின்று வலது கையைத் தூக்கினார்.